இருப்பவர் சுமையை இல்லாதவர் தலைக்கு மாற்றாதீர்கள்

பட்ஜெட் நெருங்கும்போதெல்லாம் ஒரு கோரிக்கை சூடு பிடிக்கிறது. வருமான வரியை அடியோடு ஒழித்துவிட வேண்டும். அரசுக்குத் தேவையான பணத்தை நாடு முழுவதும் பொருள்கள் மீதும் சேவைகள் மீதும் விதிக்கும் விற்பனை வரியிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அது. சம்பளக்காரர்கள் கூடும் இடங்களில் இதற்கு மறுப்பே எழுவதில்லை. வருமான வரி ஒழிப்பைச் சுப்பிரமணியன் சுவாமி பல ஆண்டுகளாக வலியுறுத்திவருகிறார். அமெரிக்காவில் ‘ஃபேர் டாக்ஸ்’ என்ற பெயரில் இதே திட்டம் 1999 முதல் திரும்பத் திரும்ப மசோதாவாக வந்துகொண்டிருக்கிறது. அங்கே பேசப்படும் வாதங்கள்தான் இங்கேயும் பேசப்படுகின்றன.

அந்த வாதங்களை அவர்கள் சொல்லும் வலிமையோடே சொல்லிவிடுகிறேன். நூறு பேரில் இரண்டு மூன்று பேர்தான் வருமான வரி கட்டுகிறார்கள். மற்றவர்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். மாதச் சம்பளம் வாங்குபவரின் கைக்குப் பணம் வருமுன்பே வரி பிடிக்கப்படுகிறது. ரொக்கத்தில் சம்பாதிப்பவர் தப்பித்துக்கொள்கிறார். கறுப்புப் பணம் வைத்திருப்பவரும் ஒருநாள் செலவு செய்தே ஆக வேண்டும். செலவில் வரி வைத்தால் அவரும் மாட்டுவார். உழைத்துச் சம்பாதிப்பதற்கும் சேமிப்பதற்கும் தண்டனை இருக்காது. ரிட்டர்ன், நோட்டீஸ், ஆடிட்டர் செலவு எதுவும் இல்லை. வாங்கும்போது கட்டினால் வரி முடிந்தது.

இவற்றில் பாதி, நியாயமான கோபத்திலிருந்து பிறந்தவை. அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்குச் சொல்லப்படும் மருந்து கணக்கிலும் தவறு, நியாயத்திலும் தவறு, நடைமுறையிலும் தவறு. ஒருவரைப் பார்த்து “உன்னால் எவ்வளவு முடியும்?” என்று கேட்கும் பெரிய வரி இந்த நாட்டில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. அதையும் தூக்கிவிட்டால் லாபத்தின் மிகப் பெரிய பங்கு மிகச் சிறிய கூட்டத்துக்குப் போய்ச்சேரும். அதற்கான விலையை இன்று கைதட்டும் நடுத்தரக் குடும்பங்களே முதலில் கொடுக்கும்.

முதலில் கணக்கு. 2024-25 நிதியாண்டில் மொத்த ஜிஎஸ்டி வசூல் சுமார் 22 லட்சம் கோடி ரூபாய். அதே ஆண்டில், திருப்பிக் கொடுத்தது போக, நேரடி வரிகளாக வந்ததும் ஏறத்தாழ அதே 22 லட்சம் கோடிதான். அதில் பாதிக்குச் சற்று அதிகம் தனிநபர்களின் வருமான வரி. மீதி பெரும்பாலும் கம்பெனிகள் கட்டியது. ஆக, தனிநபர் வருமான வரியை மட்டும் ஒழித்தாலே ஜிஎஸ்டி வசூல் பாதிக்கு மேல் கூட வேண்டும். கம்பெனி வரியும் போக வேண்டுமென்றால் இரண்டு மடங்காக வேண்டும். ஏய்ப்பு துளியும் கூடாது, விற்பனை ஒரு ரூபாயும் குறையாது என்று வைத்துக்கொண்டாலும், முதல் வழியில் இன்றைய 18 சதவீத விகிதம் 27-ஐத் தாண்டும். 5 சதவீதம் எட்டை நெருங்கும். இரண்டாவது வழியில் 18 என்பது 36 ஆகும். 2025 செப்டம்பரில் பல பொருள்களின் விகிதம் குறைக்கப்பட்டிருப்பதால் உண்மையில் தேவைப்படும் உயர்வு இதைவிடவும் அதிகம்.

அமெரிக்கத் திட்டத்திலும் இந்த விகிதக் கணக்கில்தான் பூசி மெழுகுகிறார்கள். 23 சதவீதம் என்று விளம்பரம் செய்வார்கள். வரியைச் சேர்த்த விலையில் அது 23 சதவீதம். கடையில் நூறு டாலர் பொருளுக்கு நீங்கள் கொடுக்கப்போவது 130 டாலர். நாம் ஜிஎஸ்டியைக் கணக்கிடும் முறையில் பார்த்தால் அது 30 சதவீத வரி. அதிபர் ஜார்ஜ் புஷ் அமைத்த வரிச் சீர்திருத்தக் குழு 2005இல் இந்த யோசனையை ஆராய்ந்து ஏற்க மறுத்தது. அவர் வரிக் குறைப்பையே கொள்கையாகக் கொண்ட அதிபர். அவர் அமைத்த குழுவுக்கே இது ஒத்துவரவில்லை.

இந்த உயர்வு யார் வீட்டில் என்ன செய்யும் என்று பார்ப்போம். பொருள்களின் கலவைக்கேற்ப ஒரு குடும்பத்தின் ஒவ்வொரு நூறு ரூபாய்ச் செலவிலும் வரி சராசரியாக ஐந்து ரூபாய் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12 லட்சம் சம்பளம் வாங்கும் ஒரு குடும்பம். 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு, புதிய வரி முறையில் அந்தக் குடும்பம் கட்ட வேண்டிய வருமான வரி பூஜ்யம். மாதம் 60,000 ரூபாய் வரிக்குரிய பொருள்களுக்கும் சேவைகளுக்கும் செலவழித்தால், மாதம் 3,000, ஆண்டுக்கு 36,000 ரூபாய் புதிய சுமை. திரும்பக் கிடைப்பது ஒன்றுமில்லை. ஆண்டுக்கு ஒரு கோடி ரூபாய் வரிக்குரிய வருமானம் உள்ளவர், கூடுதல் தீர்வை, செஸ் எல்லாம் சேர்த்து இன்று சுமார் 29 லட்சம் கட்டுகிறார். அவர் ஆண்டுக்கு 40 லட்சம் செலவு செய்கிறார் என்றால், புதிய ஏற்பாட்டில் அவருக்குக் கூடும் சுமை இரண்டு லட்சம். குறையும் சுமை 29 லட்சம். நடுவில் இருபது லட்சம் வாங்கும் ஒரு மென்பொருள் பொறியாளருக்கு ஓரளவு மிச்சமாகும் என்பதை மறைக்கவில்லை. வருமான வரி வரம்புக்குக் கீழே இருக்கும் அத்தனை பேருக்கும் இது நஷ்டக் கணக்கு. அந்த “அத்தனை பேர்” என்பது இந்தியாவின் மிகப் பெரும்பான்மை.

இன்னும் கீழே போங்கள். திருப்பூரில் மாதம் 15,000 ரூபாய்க்குத் தையல் மெஷினில் உட்காரும் தொழிலாளி முழுச் சம்பளத்தையும் செலவழிக்கிறார், சேமிக்க வழியில்லை. மாதம் பத்து லட்சம் ஈட்டுபவர் இரண்டு லட்சம் செலவழித்து எட்டு லட்சத்தைச் சொத்தாக்குகிறார். செலவில் ஐந்தில் ஒரு பங்கு வரி என்றால், தொழிலாளியின் வருமானத்தில் நூற்றுக்கு 20 போகிறது. பணக்காரரின் வருமானத்தில் நூற்றுக்கு 4 போகிறது. எல்லாருக்கும் ஒரே விகிதம் என்பது சமத்துவம் போலத் தோன்றும். ஆனால் கட்டும் சக்தியோடு ஒப்பிட்டால், ஏழை ஐந்து மடங்கு கட்டுகிறார். 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, கிராமங்களில் ஒருவர் மாதம் செலவழிக்கும் சராசரித் தொகை 4,122 ரூபாய். அடித்தட்டில் உள்ள ஐந்து சதவீதத்தினருக்கு அது 1,677 ரூபாய்தான். கிராமத்துச் செலவில் பாதியை ஒட்டி உணவுக்கே போய்விடுகிறது. இவர்கள் எதை வாங்காமல் விட்டு இந்த வரியிலிருந்து தப்பிக்க முடியும்?

வருமானம் நின்றுபோனவருக்கும் இந்த வரி நிற்காது. வேலை போய்விட்டால் வருமான வரி தானாகவே பூஜ்யமாகிவிடுகிறது. விற்பனை வரி, நகையை அடகு வைத்து மளிகை வாங்குபவரிடமும், வட்டிக்கு வாங்கிப் பிள்ளைக்குப் பள்ளிப் பை வாங்குபவரிடமும் அதே விகிதத்தில் பிடிக்கும். ஓய்வு பெற்றவர்களின் நிலை இன்னும் அநியாயம். முப்பத்தைந்து ஆண்டுகள் சம்பளத்தில் வருமான வரி கட்டி, மிச்சத்தைச் சேமித்தவர்கள் அவர்கள். செலவழிக்கும் காலம் வந்தபோது, “இனி செலவில்தான் வரி” என்று சட்டம் மாறினால், ஒரே பணத்துக்கு இரண்டாம் முறை முழு வரி கட்டுவார்கள். வருமான வரி ஒழிப்புக்குக் கைதூக்கும் ஐம்பத்தைந்து வயது ஊழியர்கள் இதை ஒருமுறை தங்கள் கணக்கில் போட்டுப் பார்க்க வேண்டும்.

“நூற்றுக்கு இரண்டு பேர்தான் வரி கட்டுகிறார்கள்” என்ற வாதத்துக்கு வருகிறேன். அது வருமான வரியைப் பற்றிய உண்மை. வரியைப் பற்றிய உண்மை அல்ல. வீட்டு வேலை செய்யும் பெண் தன் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்யும்போது 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டுகிறார். கேஸ் சிலிண்டருக்குக் கட்டுகிறார். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் மத்திய அரசின் கலால் வரி, மாநில அரசின் மதிப்புக் கூட்டு வரி இரண்டும் விலையிலேயே இருக்கின்றன. பேருந்துக் கட்டணத்திலும் காய்கறி விலையிலும் அவை வந்து சேர்கின்றன. ஒதுங்கி நிற்கும் இந்தியர் என்று ஒருவர் இல்லை. அச்சிட்ட எம்ஆர்பிக்குள் மறைந்திருப்பதால் அவர்கள் கட்டுவது யார் கண்ணிலும் படுவதில்லை.

வருமான வரி கட்டுவோர் குறைவாக இருப்பதற்கு ஏய்ப்பு ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், பெரும்பாலான இந்தியர்களின் வருமானம் வரம்பைத் தொடுவதே இல்லை என்பது. வருமானம் மேல்தட்டில் குவிந்திருக்கும் நாட்டில் வருமான வரியும் மேல்தட்டிலிருந்துதான் வரும். உலக சமத்துவமின்மை ஆய்வகத்தின் பொருளியல் அறிஞர்கள் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022-23இல் நாட்டு வருமானத்தில் 22.6 சதவீதமும் சொத்தில் 40.1 சதவீதமும் மேலே உள்ள ஒரு சதவீதத்தினரிடம் இருந்தன. வரி கட்டுவோர் எண்ணிக்கை சிறியதாக இருப்பது வருமான வரியின் குற்றமல்ல. அது நம் சமூகத்தின் நோயைக் காட்டுகிறது. நோயைக் காட்டும் கருவியை உடைத்தால் நோய் தீருமா?

கறுப்புப் பணம் செலவாகும்போது மாட்டும் என்பது வருமான வரியை ஒழிக்கச் சொல்லும் கூட்டத்தின் மிகவும் கவர்ச்சியான வாதம். மிகவும் பலவீனமான வாதமும் அதுதான். கறுப்புப் பணம் எங்கே பிறக்கிறது? பில் இல்லாத விற்பனையில். விற்பனை வரியை வசூலித்துக் கட்ட வேண்டியவரும் அதே விற்பனையாளர்தான். “பில் போட்டால் ஜிஎஸ்டி சேரும், எப்படி வசதி?” என்று இன்றைக்கு 18 சதவீதத்திலேயே டைல்ஸ் கடையிலும் எலெக்ட்ரிக்கல் கடையிலும் கேட்கிறார்கள். விகிதம் 27 ஆகவும் 36 ஆகவும் ஏறினால், அந்தக் கேள்வி எல்லாக் கல்லாப்பெட்டியிலும் கேட்கும். வாங்குபவரும் விற்பவரும் சேர்ந்து லாபம் பார்க்கும் ஏய்ப்பு அது. கடைசிக் கட்டச் சில்லறை விற்பனையில் மட்டும் பெரிய விகிதத்தில் வரி போட்டால் ஏய்ப்பைத் தடுப்பது கடினம். ஒவ்வொரு கட்டத்திலும் பிடிக்கும் மதிப்புக் கூட்டு வரியைப் பிரான்ஸ் 1954இல் கொண்டுவந்தது; உலகம் அதைப் பின்தொடர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்த முறையிலும் போலி பில் போட்டு உள்ளீட்டு வரிச் சலுகையைச் சுருட்டும் மோசடிகள் இங்கே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கோடிகளுக்குப் பிடிபடுகின்றன.

செலவிடப்பட்ட கறுப்புப் பணம் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். நிலம் விற்பது ஜிஎஸ்டிக்குள் வராது. கட்டி முடித்துக் குடியேறிய வீட்டின் மறுவிற்பனையும் வராது. தங்கத்துக்கு 3 சதவீதம். பங்குகள், கடன் பத்திரங்கள் சரக்கும் அல்ல, சேவையும் அல்ல. வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டு மீதியை ரொக்கமாகக் கைமாற்றும் மனை வியாபாரத்தில் இன்று வரித் துறை நீட்டக்கூடிய முக்கியமான கை, மூலதன ஆதாயத்தின் மீதான வருமான வரி. அதை வெட்டிவிட்டால் நிலத்தில் புதைத்த பணம் நிரந்தரமாகப் பத்திரம்.

இரண்டு வரிகளும் ஒன்றுக்கொன்று சாட்சி என்பதை இந்தக் கூட்டம் பேசுவதே இல்லை. ஒரு வணிகர் ஜிஎஸ்டி ரிட்டர்னில் காட்டும் விற்றுமுதலையும் வருமான வரி ரிட்டர்னில் காட்டும் விற்றுமுதலையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவர் வாங்கிய சொத்து, வங்கியில் போட்ட பணம், பிடித்த டிடிஎஸ் எல்லாம் பான் எண்ணின் கீழ் ஒரே இடத்தில் திரளுகின்றன. வருமான வரி போனால் இந்தப் பதிவுகளுக்கான தேவையும் போகும். விற்பனை வரி ஏய்ப்பைப் பிடிக்கும் சாட்சியும் போகும்.

தொல்லை இல்லாத வரி என்ற வாக்குறுதியும் நிற்காது. ஒரே நாடு, ஒரே வரி, எளிய சட்டம் என்றுதான் 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டியும் வந்தது. 2024 செப்டம்பரில் கோவையில் ஓர் ஓட்டல் அதிபர், பன்னுக்கு வரி இல்லை, அதற்குள் கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்று நிதியமைச்சரிடம் நேரில் முறையிட்டதை நாடே பார்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் உப்பும் காரமும் போட்ட பாப்கார்னுக்கு ஒரு விகிதம், சர்க்கரைப் பாகு பூசியதற்கு வேறு விகிதம் என்று விளக்கம் வந்தது. ஜிஎஸ்டியில் பதிவு செய்திருப்போர் சுமார் ஒன்றரைக் கோடி. மாதமோ காலாண்டோ ரிட்டர்ன் போட்டுக்கொண்டே இருப்பவர்கள். சம்பளக்காரரின் ரிட்டர்னோ இன்று பெரும்பகுதி நிரப்பப்பட்டே திரையில் வருகிறது. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவுகளை வைத்துச் சிறு பேக்கரிகளுக்கும் பெட்டிக்கடைகளுக்கும் வணிக வரித் துறை நோட்டீஸ் அனுப்பியபோது, பலர் யுபிஐ அட்டையை அகற்றி ரொக்கத்துக்குத் திரும்பினார்கள். நாட்டின் வருவாய் முழுவதும் விற்பனை வரியில் தொங்கினால் அந்த நோட்டீஸ் ஒவ்வொரு தெருவுக்கும் வரும். தொல்லை ஒழியாது, ஆடிட்டர் வைத்துக்கொள்ள முடிந்தவரிடமிருந்து முடியாதவரிடம் அது மாறும், அவ்வளவுதான்.

“வரியைக் குறைத்தால் முதலீடு பெருகும், வேலை பெருகும்” என்பது அடுத்த வாதம். இதை நாம் சோதித்தே பார்த்துவிட்டோம். 2019 செப்டம்பரில் கம்பெனி வரியின் அடிப்படை விகிதம் 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதம். ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் இழப்பு என்று அரசே அன்று சொன்னது. 2020க்கும் 2023க்கும் இடையில் பெரு நிறுவனங்களின் லாபம் கிட்டத்தட்ட நான்கு மடங்கானது. அந்த வேகத்தில் ஆள் சேர்ப்பும் சம்பளமும் உயரவில்லை. இதைச் சொன்னது எதிர்க்கட்சி அல்ல. மத்திய அரசின் 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை. தொழில் தொடங்குபவர் முதலில் பார்ப்பது தன் சரக்கை வாங்க ஆள் இருக்கிறதா என்பதை. எண்பது கோடி பேருக்கு இலவச ரேஷன் தேவைப்படும் நாட்டில், அவர்கள் வாங்கும் சோப்புக்கும் செருப்புக்கும் பனியனுக்கும் வரியை ஏற்றிவிட்டு முதலீடு பெருகும் என்று காத்திருப்பது வீண்.

வளைகுடா நாடுகளில் வருமான வரி இல்லையே என்ற கேள்வி தமிழ்நாட்டில் அதிகம் கேட்கும், அங்கே உழைக்கும் நம்மவர்கள் அவ்வளவு பேர் இருப்பதால். அங்கே அரசை நடத்தியது எண்ணெய். அது தளரத் தொடங்கியதும் என்ன நடந்தது? சவூதி அரேபியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் 2018இல் 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி போட்டன. 2020 ஜூலையில் சவூதி அதை 15 சதவீதமாக, ஒரே அடியில் மூன்று மடங்காக உயர்த்தியது. அமீரகம் 2023இல் கம்பெனி வரியைக் கொண்டுவந்தது. ஓமன் உயர் வருமானத்தினர் மீது 5 சதவீத வருமான வரியை 2028 முதல் விதிக்க 2025இல் சட்டமே இயற்றிவிட்டது. எண்ணெய் வளம் கொண்ட நாடுகளே வருமான வரியை நோக்கி வந்துகொண்டிருக்கின்றன. எண்ணெயை இறக்குமதி செய்யும் நாம் அதைக் கைவிட வேண்டுமாம்.

அருகில் இலங்கையைப் பாருங்கள். 2019 டிசம்பரில் கோத்தபய ராஜபக்ச அரசு, சம்பளத்தில் வரி பிடிக்கும் முறையை நீக்கியது. வருமான வரி வரம்பை ஆண்டுக்கு 30 லட்சம் ரூபாய்க்கு உயர்த்தியது. மதிப்புக் கூட்டு வரியையும் 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தது. நாட்டு வருமானத்தில் வரியின் பங்கு எட்டு சதவீதத்துக்கும் கீழே விழுந்தது. கொரோனாவும் வெளிநாட்டுக் கடனும் சேர்ந்து அழுத்தியதில் 2022 ஏப்ரலில் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அரசு கைவிரித்தது. பிறகு ஓட்டையை அடைக்க அரசு முதலில் ஓடியது எங்கே? மதிப்புக் கூட்டு வரி 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது. சலுகை முதலில் வசதியானவர்களுக்குப் போனது. அதற்கான ரசீது நுவரெலியாவின் தேயிலைத் தொழிலாளிக்கும் யாழ்ப்பாணத்து மீனவருக்கும் கடையில் நீட்டப்பட்டது. சம்பளத்தில் வரி பிடிக்கும் ஏற்பாட்டைக் கலைப்பது ஒருநாள் வேலை. திரும்பக் கட்டுவது பல ஆண்டு வேலை.

இதற்கெல்லாம் பதிலாக ‘ஃபேர் டாக்ஸ்’ ஆதரவாளர்கள் ஒரு நிவாரணத்தை வைத்திருக்கிறார்கள். அடிப்படைச் செலவுக்கான வரியை ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதாமாதம் முன்கூட்டியே ரொக்கமாகக் கொடுத்துவிடுவோம் என்கிறார்கள். நேர்மையான யோசனைதான், இங்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு மாதம் 2,000 ரூபாய் அடிப்படைச் செலவு, அதில் 20 சதவீதம் வரி என்றால் மாதம் 400, ஆண்டுக்கு 4,800 ரூபாய். 140 கோடி பேருக்கு இது 6.7 லட்சம் கோடி. தனிநபர் வருமான வரி வசூலில் பாதிக்கும் மேல். இந்தப் பணத்துக்கும் விற்பனை வரியைத்தான் ஏற்ற வேண்டும். ஏற்றினால் நிவாரணமும் ஏற வேண்டும். ஏழைகளுக்கு மட்டும் கொடுப்போம் என்றால், யார் ஏழை என்று அறிய ஒவ்வொருவரின் வருமானத்தையும் விசாரிக்க வேண்டும். எந்த விசாரணையை ஒழிக்கப் புறப்பட்டார்களோ, அதைப் பணக்காரரிடம் நிறுத்திவிட்டு ஏழையிடம் தொடங்குவார்கள்.

வருமானத்தைவிடச் செலவில் வரி விதிப்பதே நியாயம் என்பதற்குக் கனமான ஓர் அறிவு மரபு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேம்பிரிட்ஜ் பொருளியல் அறிஞர் நிக்கோலஸ் கால்டர் 1956இல் இந்தியாவுக்கு வந்து அதைத்தான் பரிந்துரைத்தார். நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1957இல் செலவு வரியைச் சட்டமாக்கினார். ஆனால் அது கடையில் பிடிக்கும் வரி அல்ல. ஓராண்டில் ஒருவர் செய்த மொத்தச் செலவைக் கணக்கிட்டு, ஆடம்பரம் கூடக்கூட ஏறும் விகிதத்தில் அவர் மீது நேரடியாக விதித்த வரி. வருமான வரியோடு சேர்ந்து நடந்த வரி. செல்வர்களின் மொத்தச் செலவைக் கணக்கெடுப்பது கடினமாக இருந்தது, வசூலும் சொற்பம். 1962இல் நீக்கப்பட்டு, 1964இல் அதே டி.டி.கே.வால் திரும்பக் கொண்டுவரப்பட்டு, 1966இல் ஒழிந்தது. செலவில் வரி என்ற கொள்கையின் பெயரைச் சொல்லி விற்பனை வரியை விற்பவர்கள், கால்டரின் திட்டத்திலிருந்து ஆளைப் பார்த்து விதிக்கும் பகுதியைக் கழற்றிவிட்டு வெறும் ஓட்டை மட்டும் நீட்டுகிறார்கள்.

நுகர்வு மீதான வரியை நம் மக்கள் அறியாதவர்கள் அல்ல. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது உப்பு வரிக்கு எதிராக. பண்ணையாரும் பண்ணையாளும் ஒரே அளவு உப்பைத்தான் தின்கிறார்கள். ஆகவே ஒரே அளவு வரி கட்டினார்கள். அந்த அநியாயம் ஏழைக்குச் சொல்லாமலே புரிந்தது. அதே ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராகி, மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இந்தியாவில் அதுவே முதல். தமிழ்நாட்டின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் சத்துணவும் அந்த வரியின் வழிவந்த வருவாயில் வளர்ந்தவை. எனவே விற்பனை வரியே கூடாது என்பதல்ல என் வாதம். அது தனியாக நாட்டைச் சுமக்கக் கூடாது. பொருளைப் பார்த்து விதிக்கும் வரி ஒருபுறம் இருக்கும்போது, ஆளைப் பார்த்து விதிக்கும் வரி மறுபுறம் இருந்தே ஆக வேண்டும்.

மாநிலங்களின் நலனும் இதில் இருக்கிறது. விற்பனை மீது வரி விதிப்பது மாநிலங்களின் உரிமையாக இருந்தது. ஜிஎஸ்டியில் அதன் பெரும்பகுதி பொதுக் கவுன்சிலுக்குப் போய்விட்டது. ஜெயலலிதா இதை எதிர்த்தார். 2016 ஆகஸ்டில் மாநிலங்களவை வாக்கெடுப்பின்போது அதிமுக வெளிநடப்பு செய்தது. மத்திய அரசு வருமான வரியை விட்டுவிட்டுத் தன் தேவை முழுவதையும் விற்பனையிலிருந்தே எடுக்கத் தொடங்கினால், மாநிலங்களிடம் எஞ்சியிருக்கும் இடமும் நெருக்கப்படும். எந்த விகிதத்தை ஏற்றுவது என்ற ஒவ்வொரு பேச்சிலும் தமிழ்நாட்டின் தேவை டெல்லியின் தேவையோடு மோதும்.

கடந்த நாற்பது ஆண்டுகளை ஒரே வரிசையில் வைத்துப் பாருங்கள். 1985இல் வாரிசுச் சொத்து வரி போனது. 2015 பட்ஜெட்டில் செல்வ வரி போனது. 2019இல் கம்பெனி வரி குறைந்தது. செல்வந்தர்களைத் தொடும் வரிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கின்றன. கடைசியில் நிற்பது வருமான வரி. அதையும் கழற்றச் சொல்லும் குரல் நடுத்தர வர்க்கத்தின் வாயிலிருந்து வருவதுதான் எனக்குப் பெரும் வேதனை.

அந்த வர்க்கத்தின் மனக்குறை உண்மையானது. விலைவாசி ஏறும் வேகத்தில் வரி அடுக்குகள் நகர்வதில்லை. சம்பளத்துக்கு 30 சதவீதம் வரை வரி. நீண்ட காலம் வைத்திருந்து விற்ற பங்கின் ஆதாயத்துக்கு 12.5 சதவீதம் மட்டுமே. பெரும் நிலப்பண்ணைகளின் வருமானமும், விவசாய வருமானம் என்ற போர்வையில் காட்டப்படும் வேறு வருமானமும் வரிக்கு வெளியே நிற்கின்றன. ரொக்கத்தில் சம்பாதிக்கும் தொழில்முறையாளர்கள் சொன்னதே கணக்கு. கட்டிய வரிக்கு ஈடாக நல்ல அரசுப் பள்ளியும் ஆஸ்பத்திரியும் நகரப் பேருந்தும் கிடைப்பதில்லை. இவை அனைத்துக்கும் தீர்வு வருமான வரியைச் சரியாக, எல்லார் மீதும் விதிப்பதில் இருக்கிறது. அடுக்குகளை ஆண்டுதோறும் விலைவாசியோடு இணையுங்கள். உழைத்து வந்த வருமானத்தையும் சும்மா வந்த வருமானத்தையும் ஒரே தராசில் நிறுங்கள். பெரும் சொத்து பிள்ளைகளுக்குப் போகும்போது வரி விதியுங்கள். தப்பிப்பவரைத் துரத்துங்கள். இவற்றைக் கேட்கும் உரிமை நடுத்தர வர்க்கத்துக்கு இருக்கிறது. சம்பளச் சீட்டில் எவ்வளவு போனது என்று கண்ணால் பார்ப்பவர் “என் பணம் என்ன ஆயிற்று?” என்று அரசைக் கேட்கிறார். எம்ஆர்பிக்குள் ஒளிந்த வரியைக் கட்டுபவருக்கு அந்தத் தொகையே தெரியாது.

வருமான வரியை ஒழி என்ற முழக்கத்தை அடுத்த பட்ஜெட்டுக்கு முன் மறுபடியும் கேட்போம். அப்போது அதை எழுப்புபவரிடம் ஒரே ஒரு கணக்கைக் கேளுங்கள்: ஒரு கோடி சம்பாதிப்பவருக்குக் குறையும் அந்த 29 லட்சத்தை இனி யார் கட்டுவது? தொகையோடும் ஆளோடும் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலில் உங்கள் வீட்டு மளிகைப் பட்டியலும் இருக்கும் என்பதால், கைதட்டுவதா எதிர்ப்பதா என்பதை அதைக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.